பாங்காக்கில் கற்றதும் கோன்கெனில் திருத்தப்பட்டதும்

போன இதழில், தாய்லாந்தில் துணி விற்ற காலத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். 1991 முதல் 2013 வரை பாங்காக்கின் பாஹுரட் துணிச்சந்தையில் ஒரு மொத்தக் கடையில் வேலை. கடையில் உட்காருவது குறைவு. மாதிரித் துணிக் கட்டுகளோடு வேனில் ஏறி, வெளியூர்க் கடைகளில் ஆர்டர் பிடிப்பதும் பழைய பாக்கியை வசூலிப்பதும்தான் என் பிழைப்பு. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களில் துணியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் மொழியைத்தான் கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. நான் மொழியியல் படித்தவன் அல்லன், பாக்கி வசூலித்தவன். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

கேள்வி: 'தாய் மொழி' என்று நீங்கள் எழுதுவதை என் கண் 'தாய்மொழி' என்றே படிக்கிறது. வேறு பெயர் வைக்கக் கூடாதா?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்)

பெயர் வைத்தது நான் இல்லை, ஐயா. அவர்கள் 'பாஸா தாய்' என்கிறார்கள். பாஸா என்பது நம் பாஷையேதான். நடுவில் இடம் விட்டால் அந்த நாட்டு மொழி, சேர்த்து எழுதினால் அம்மாவின் மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கண் ஒரு நல்ல இடத்தில் போய் முட்டியிருக்கிறது. தாய்லாந்தில் கோடிக்கணக்கானவர்களுக்குத் தாய் மொழி தாய்மொழி அல்ல. வீட்டில் ஒன்றைப் பேசிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய் 'தாய்' கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். பாங்காக் பேச்சை முக்கி முக்கிக் கற்றுக்கொண்டு வேன் ஏறிய எனக்கு இது உறைக்கவே ஒரு வருடம் ஆயிற்று.

கேள்வி: குரலை ஏற்றி இறக்கினால் அர்த்தமே மாறிவிடுமாமே! தமிழர்களுக்கு அது வருமா?
(வேலைக்காகப் பாங்காக் போகவிருக்கும் இளைஞர்)

வரும். அடி வாங்கிக்கொண்டு வரும்.

நாம் 'அப்படியா' என்ற ஒரே சொல்லை வியப்பாக, சந்தேகமாக, கிண்டலாக, அலுப்பாக என்று பல விதமாக இழுக்கிறோம். மாறுவது நம் மனநிலைதான், சொல் அப்படியே இருக்கிறது. அங்கே இழுத்தால் சொல்லே வேறாகிவிடும். பாங்காக் பேச்சில் ஐந்து தொனிகள்: சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம். 'க்லை' என்பதைச் சமமாகச் சொன்னால் தூரம். அதையே மேலிருந்து கீழே இறக்கிச் சொன்னால் பக்கம். வழி கேட்கும் வெளியூர்க்காரன்மேல் அந்த மொழிக்கு என்ன கோபமோ!

நமக்கு வாக்கியத்தின் வாலைத் தூக்கிக் கேள்வி கேட்கும் பழக்கம் இருக்கிறது பாருங்கள், அதுதான் முதல் எதிரி. 'மா' என்று சமமாகச் சொன்னால் 'வா' என்று பொருள். உயர்த்திச் சொன்னால் குதிரை. கீழிருந்து மேலே ஏற்றினால் நாய். என் மனைவி அங்கே வந்த புதிதில், காய்கறி விற்கும் பெண்ணிடம் கற்றுக்கொண்ட நாலு தாய்ச் சொற்களோடு நம் வழக்கப்படி பாசமாக ஒரு 'மா'வையும் சேர்த்து, வாலைத் தூக்கி விலை கேட்டாள். அந்தப் பெண் கூடையைப் பார்த்தாள், பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். நாயைத்தான்.

ஆனால் எனக்கு எமனாக வந்தது தொனி அல்ல, காற்று. தாய் மொழியில் 'ப' என்று வெறுமனே சொல்வதும், பின்னால் மூச்சைத் தள்ளிச் சொல்வதும் வேறு வேறு எழுத்துகள். உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தால் முதலாவதற்கு அது அசையக் கூடாது, இரண்டாவதற்கு ஆட வேண்டும். 'க'வுக்கும் இப்படித்தான். கோழிக்கும் முட்டைக்கும் அங்கே தொனி ஒன்று, உயிர் ஒன்று, வித்தியாசம் அந்த மூச்சு மட்டுமே. நம் தமிழில் அந்த மூச்சுக்கு எழுத்தே கிடையாது. எழுத்து இல்லாததால் காதும் இல்லை.

இனி என் கதையைக் கேளுங்கள். துணிக்கு 'ப்ஹா'. பெரியம்மாவுக்கு 'பா'. இரண்டுக்கும் ஒரே இறங்கு தொனி. நான் ஆறு மாதம் ஊர் ஊராகப் போய், கும்பிட்டு, 'நான் பெரியம்மா விற்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் திருத்தவில்லை. புதிதாக வந்தவனை முகத்துக்கு நேரே திருத்துவது அங்கே மரியாதை இல்லை. ஒரு கடையில் முதலாளியின் தங்கை மட்டும் முகத்தை மிகக் கண்ணியமாக வைத்துக்கொண்டு, 'மீட்டர் என்ன விலை?' என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடிப்போனார். சிரிப்புச் சத்தம் வாசல்வரை கேட்டது. பாங்காக் திரும்பும் வழியில் எங்கள் வேன் டிரைவர்தான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, 'மூச்சு விடுங்கள் அண்ணா, மூச்சு விடுங்கள்' என்று கற்றுக்கொடுத்தார்.

கேள்வி: தாய் மொழியில் எத்தனை வட்டார வழக்குகள்? ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியுமா?
(கல்லூரி மாணவி)

பெரிதாக நான்கு: நடுப்பகுதி, வடக்கு, வடகிழக்கு, தெற்கு. 'பேசுவது' என்ற சொல்லிலேயே நான்கும் பிரிந்துவிடும். பாங்காக்கில் 'பூட்', வடக்கே சியாங் மாயில் 'ஊ', வடகிழக்கே கோன்கெனில் 'வாவ்', தெற்கே நகோன் ஸி தம்மராட்டில் 'லேங்'. பார்ப்பதற்கு முறையே டூ, போ, பெங், லே. ருசியாக இருக்கிறது என்பதற்கு அரோய், லம், ஸேப், ரோய். எந்த ஊரில் சாப்பிட்டேன் என்பதை நான் சொல்லவே வேண்டாம், இலையைப் பார்த்துச் சொன்ன ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

சொற்கள்தாம் வேறு என்றால் மனப்பாடம் செய்துவிடலாம். ஒலியே இடம் மாறுகிறது. நம் பாலைக் கன்னடத்தார் ஹாலு என்பதும், பத்தை ஹத்து என்பதும் போல, பாங்காக்கின் 'ர' வடக்கிலும் வடகிழக்கிலும் பல சொற்களில் 'ஹ' ஆகிவிடும். அன்புக்கு 'ரக்' என்றால் அங்கே 'ஹக்'. சூடு 'ரோன்' என்றால் 'ஹோன்'. ரோய் எட் என்று வரைபடத்தில் ஓர் ஊர் இருக்கிறது, நூற்றொன்று என்று பொருள். அந்த ஊர்க்காரர் வாயில் அது 'ஹோய் எட்'. யானையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாங்காக்கில் 'சாங்', மூச்சோடு. சியாங் மாயில் மூச்சில்லாமல் 'ஜாங்'. கோன்கெனில் 'ஸாங்'. யானை ஒன்றுதான். தொனிகளின் எண்ணிக்கையும் மாறும். வடக்கே ஆறு, தெற்கே சில ஊர்களில் ஏழுவரை போகும். ஐந்தையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவனுக்கு ஏழு எதற்கு என்று நான் தெற்குப் பேச்சை மரியாதையாகத் தூரத்தில் வைத்துக்கொண்டேன்.

புரியுமா என்று கேட்டீர்கள். பாங்காக் பேச்சு எல்லோருக்கும் புரியும், பள்ளியும் தொலைக்காட்சியும் அதில்தான். மற்றப்படி, பாங்காக்கிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் கடைக் கணக்கர் என்னோடு சியாங் மாய்ச் சந்தைக்கு வந்தபோது, இரண்டு கிழவிகள் பேசிக்கொண்டதில் பாதிகூடப் பிடிபடாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

கோன்கெனில் நான் பட்டது வேறு விதம். முதல் தடவை போனபோது காலை ஒன்பது மணி இருக்கும். கடை வாசலில் பாய் விரித்து, மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த மூதாட்டி என்னை நிமிர்ந்து பார்த்து 'பை ஸை?' என்றார். பாங்காக் காதுக்கு 'ஸாய்' என்றால் தாமதம். முதல் நாளே தாமதமாக வந்துவிட்டேன் என்று திட்டுகிறார் என்று நினைத்து, கடிகாரத்தைக் காட்டி, வழியில் டயர் பஞ்சரான கதையை எல்லாம் விளக்கமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டது 'எங்கே கிளம்பிவிட்டாய்?' என்று. அதற்குப் பதில்கூடத் தேவையில்லை, அது ஒரு வணக்கம். பாங்காக்கில் 'எங்கே' என்பது 'நை', அங்கே 'ஸை'. அதற்குப் பிறகு பதினைந்து வருடம், நான் போகும்போதெல்லாம் அந்த அம்மா 'பை ஸை?' என்பார், நான் கடிகாரத்தைப் பார்த்துப் பதறுவது போல நடிப்பேன். அவர் இறந்த பிறகு மருமகளும் அதையே கேட்டார்.

பழக்கடைக்குப் போனால் வேடிக்கை இன்னும் கூடும். பப்பாளி பாங்காக்கில் 'மலகோ', வடகிழக்கே 'பக் ஹுங்', தெற்கே தலையை நறுக்கிவிட்டு வெறும் 'லோகோ'. தெற்கத்தியார் சொல்லின் முன்பாதியைச் செலவழிக்க மாட்டார்கள். சந்தைக்கு 'தலாட்' என்றால் அவர்களுக்கு 'லாட்' போதும். புக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைத் தெருச்சந்தைக்கு 'லாட் யாய்' என்றே பெயர், பெரிய சந்தை என்று அர்த்தம். அன்னாசி பாங்காக்கில் 'ஸப்பரோட்'. நமக்குத் துளியும் ஒட்டாத சொல். ஆனால் வடகிழக்கே 'பக் நட்', தெற்கே 'யா நட்'. நம் அன்னாசியும் அந்த 'நட்'டும் கப்பலேறி வந்த ஒரே 'அனனாஸ்' பெற்ற பிள்ளைகள். கொய்யாதான் எனக்குப் பிடித்தது. பாங்காக்கில் கொய்யாவுக்கும் வெள்ளைக்காரருக்கும் ஒரே சொல், 'ஃபரங்'. வடகிழக்கில் கொய்யாவுக்கு 'பக் ஸீடா'. கொய்யா வெள்ளைக்காரர் என்றால் வெள்ளைக்காரரும் கொய்யாதானே என்று, அங்கே வரும் வெள்ளைக்காரர்களைக் கேலியாகப் 'பக் ஸீடா' என்றே கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத் தர்க்கம் தோற்றுப்போகும்.

கேள்வி: இவை ஒரே மொழியின் வழக்குகளா, தனித்தனி மொழிகளா?
(பெயர் எழுதாத வாசகர்)

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மொழியியலாளர்களில் பலர் இவற்றை ஒரே குடும்பத்தின் தனித்தனி மொழிகளாகவே எண்ணுகிறார்கள். அரசு 'பாஸா தின்' என்கிறது, வட்டாரப் பேச்சு என்று பொருள். வடகிழக்கு மக்கள் பேசுவது லாவோ மொழிதான். லாவோஸ் நாட்டில் அதைப் பேசுபவர்களைவிடத் தாய்லாந்தில் பேசுபவர்கள் அதிகம். கடை முதலாளிகள் வங்கிப் படிவத்தில் 'தாய்' என்று எழுதுவார்கள். என்னிடம் திரும்பி, 'லாவோ பேச வருமா உனக்கு?' என்று கேட்பார்கள். ஒரே மேசையில், ஒரே பேனாவை இன்னும் மூடாமல்.

இந்தப் பெயர் விஷயத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு சுவாரசியம் இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்கள் இருபதுக்கும் சேர்த்து 'ஈஸான்' என்று பெயர். வீடு கட்டும்போது கிணறு தோண்ட ஈசானிய மூலை பார்க்கிறோமே, அதே ஈசானியம். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாங்காக் அரசு தன் நிர்வாகப் பகுதிகளின் பெயர்களில் இருந்த 'லாவோ' என்ற சொல்லை எடுத்துவிட்டு, வடமொழித் திசைப் பெயர்களை வைத்தது. மெக்காங் ஆற்றுக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். லாவோ மக்கள் உள்ள இடமெல்லாம் எங்களுக்கு என்று அவர்கள் கேட்டுவிடக் கூடாது அல்லவா. வடக்குப் பகுதி 'பாயப்' ஆயிற்று, அது நம் வாயு மூலை. 'உடோன்' என்பது உத்தரம், அதாவது வடக்கு. மூலைகளின் பெயரில் மக்கள் மறைந்தார்கள். 1921-இல் கட்டாய ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது, பாடம் பாங்காக் மொழியில். 1939-இல் நாட்டின் பெயரே சயாமிலிருந்து தாய்லாந்து ஆனபோது, வடக்குத் தாய், தெற்குத் தாய் என்றெல்லாம் பிரித்துச் சொல்லக் கூடாது, எல்லோரும் 'தாய்' என்றே சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஆணை போட்டார்கள்.

ஆணை ஏட்டில் இருந்தது. மிளகாய் கிள்ளும் பாயில் 'பை ஸை'தான்.

வடக்கைச் சொல்லாமல் விட்டால் சியாங் மாய்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அது 1296-இல் மங்ராய் மன்னர் கட்டிய நகரம், லன்னா என்ற தனி அரசின் தலைநகரம். பேச்சுக்குக் 'கம் முவாங்' என்று பெயர், ஊர்ப்பேச்சு என்று பொருள். அதற்கென்று தனி எழுத்தே உண்டு. கோயில் பெயர்ப்பலகைகளில் இன்றும் உருண்டை உருண்டையாகப் பார்க்கலாம். படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

கேள்வி: தமிழிலிருந்துதான் தாய் மொழி பிறந்தது என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
(மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

இல்லை. மூன்று பேருக்கும் சேர்த்து இல்லை. தாய் மொழியின் குடும்பம் வேறு, அதன் உறவினர்கள் லாவோஸிலும் பர்மாவின் ஷான் மலைகளிலும் தென்சீனத்திலும் இருக்கிறார்கள். அதில் நிறைந்திருக்கும் நமக்குத் தெரிந்த சொற்கள் சமஸ்கிருதம், பாலி மொழிகளிலிருந்து, பெரும்பாலும் கம்போடியாவின் கெமர் மொழி வழியாக வந்தவை.

நமக்குச் சேர வேண்டிய பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. அது இந்தக் கைப்பேசிச் செய்திகளைவிட அழகானது. முதலாவது எழுத்து. தாய் எழுத்து பழைய கெமர் எழுத்திலிருந்தும், அது தென்னிந்தியப் பல்லவர் காலத்து எழுத்திலிருந்தும் வந்தது. 'கெ', 'கே', 'கை' எழுதும்போது உயிர்க்குறியை மெய்க்கு முன்னால் போடுகிறோம் அல்லவா? தாய் எழுத்திலும் எ, ஏ, ஐ ஒலிகள் முன்னால்தான் வந்து நிற்கும். கடை கணக்கருக்கு இதை நான் எழுதிக் காட்டியபோது அவர் என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது, தெற்குத் தாய்லாந்தின் மண். க்ராபி மாநிலத்தில் குவான் லுக் பட் என்ற இடத்தில் ஒரு சிறிய உரைகல் கிடைத்தது. பொன் உரசிப் பார்க்கும் கல். கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு எழுத்தில், 'பெரும்பதன் கல்' என்று தமிழில் பொறித்திருக்கிறது. யாரோ ஒரு தட்டார், தன் கல்லை வேறொருவர் எடுத்துப் போய்விடக் கூடாது என்று பெயர் வெட்டி வைத்திருக்கிறார். மேற்குக் கரையில் தக்குவா பாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் சொல்கிறது. தொழில் என்ற முறையில் அவர்கள் என் முன்னோர். வசூலுக்கு அலைந்திருப்பார்கள்.

மூன்றாவது, பாங்காக்கில் பெரிய சிவப்பு ஊஞ்சல் கம்பம் பார்த்திருப்பீர்கள். 1784-இல் நிறுத்தியது, ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935-ஓடு நின்றுவிட்டது. பக்கத்துக் கோயிலில் அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் விழாவுக்கு இன்றும் பெயர் 'த்ரியம்பவாய், த்ரிபவாய்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை. ஓதுபவர்களுக்கு அது தமிழ் என்ற பொருள் எப்போதோ போய்விட்டது, ஒலி மட்டும் மார்கழிக் குளிரில் அங்கே தங்கிவிட்டது.

கேள்வி: எழுத்தையும் கற்க வேண்டுமா? பேசினால் போதாதா?
(இரண்டு வாரச் சுற்றுலா போகும் தம்பதி)

இரண்டு வாரத்துக்கு வேண்டாம். இரண்டு வருடத்துக்கு என்றால் கட்டாயம் வேண்டும்.

மெய்யெழுத்து 44 என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள், புழக்கத்தில் 42தான். 1892 வாக்கில் எட்வின் மெக்ஃபார்லண்ட் என்பவர் முதல் தாய் தட்டச்சுப்பொறியைச் செய்தபோது பொத்தானுக்கு இடம் போதாமல் இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டார். அவை அப்படியே வழக்கொழிந்தன. குழந்தைகள் பாடும் அரிச்சுவடியில் மட்டும் இன்னும் இருக்கின்றன.

எழுத்து தெரிந்தால் நமக்கு ஒரு லாபம். அவர்கள் வாயில் சொல்லின் கடைசி 'ர', 'ல' எல்லாம் 'ன்' ஆகிவிடும், 'ஸ' எல்லாம் 'ட்' ஆகிவிடும். ஆனால் எழுத்தில் பழைய உருவத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 'நகோன்' என்று கேட்டால் விளங்காது, எழுத்தில் 'நகர' என்றே இருக்கும். 'ஆஹான்' ஆகாரம். 'ஆகாட்' ஆகாசம். உணவகப் பலகையை நான் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்து, ஆகாரம் என்று கண்டுபிடித்த நாள், இரவு உணவுக்கு அங்கேயே இரண்டாம் முறை போனேன்.

மாதப் பெயர்களை மட்டும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள், அழகு. ஏப்ரல் மேஸாயோன், அதாவது மேஷம். ஆகஸ்ட் ஸிங்ஹாகோம், சிம்மம். டிசம்பர் தன்வாகோம், தனுசு. முப்பது நாள் மாதமெல்லாம் 'யோன்' என்றும், முப்பத்தொரு நாள் மாதமெல்லாம் 'கோம்' என்றும் முடியும். பிப்ரவரிக்கு மட்டும் 'பன்'. நாம் முஷ்டியை மடக்கி முட்டி எண்ணுகிறோம், அவர்களுக்குப் பெயரே சொல்லிவிடுகிறது.

தம்பதி இருவருக்கும் ஒரு எச்சரிக்கை: வாக்கியத்தின் முடிவில் ஆண் 'க்ராப்' என்றும் பெண் 'கா' என்றும் மரியாதைக்குச் சேர்க்க வேண்டும். மனைவியைப் பார்த்துக் கணவர் 'கா' போடத் தொடங்கினால் சந்தையில் கூட்டம் கூடும். சியாங் மாய்ப் பெண்கள் 'கா'வுக்குப் பதில் 'ஜாவ்' என்பார்கள். அதைக் கேட்கவே அங்கே போகலாம்.

கேள்வி: நீ, நீங்கள் போல மரியாதைச் சொற்கள் உண்டா?
(இல்லத்தரசி ஒருவர்)

நம்மைத் தோற்கடிப்பார்கள். 'சாப்பிடுவது' ஒன்றுக்கே நண்பனிடம் 'கின்', கொஞ்சம் மரியாதைக்குத் 'தான்', எழுத்தில் 'ரப்ப்ரதான்', பிக்கு சாப்பிட்டால் 'சன்', அரசர் சாப்பிட்டால் 'ஸவோய்'. ஆண் தன்னைச் சொல்லும் 'போம்' என்பதற்குத் தலைமுடி என்றும் பொருள். மற்றபடி நம்மைப் போல முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். மூத்தவர் ஆணோ பெண்ணோ 'பீ', இளையவர் 'நோங்'. வடக்கிலும் வடகிழக்கிலும் 'ஆய்' என்றால் அண்ணன். அதையே பாங்காக்கில் கொஞ்சம் குறுக்கி இறக்கிப் பெயருக்கு முன் போட்டால் வசவு.

எனக்குக் கிடைத்த பட்டம் வேறு. கம்பெனி முதலாளியை, குறிப்பாக இந்தியத் துணிக்காரர்களை, 'நாய் ஹாங்' என்பார்கள். 'நாய்' என்றால் தலைவர். கடை திறந்த முதல் நாள், ஒரு முதியவர் இரண்டு கையையும் கூப்பி, முகமெல்லாம் மலர, என்னை 'நாய்' என்றார். பதிலுக்கு நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

கேள்வி: நம் ஊரில் வட்டாரப் பேச்சைக் கேலி செய்வதுபோல அங்கேயும் உண்டா?
(வானொலி அறிவிப்பாளர்)

உண்டு. தெற்கத்தியார் பாங்காக் மொழி பேசும்போது ஊர்த்தொனி எட்டிப் பார்த்துவிட்டால் அதற்குத் 'தோங் டேங்' என்று பெயர். செம்பு என்று அர்த்தம். எங்கள் டிரைவர் நகோன் ஸி தம்மராட்காரர். கோபம் வந்தால் செம்பு கொட்டும், கடையில் எல்லோரும் பொறுக்குவது போல நடிப்பார்கள். அவரும் சிரிப்பார். தெற்கத்தியார்மேல் செய்யும் கேலியில் ஒரு பயம் கலந்திருக்கும்.

ஈஸான்காரர்மேல் செய்வதில் அந்தப் பயம் கிடையாது. தொலைக்காட்சித் தொடர்களில் வேலைக்காரப் பெண்ணுக்கு வெகுகாலம் அந்தப் பேச்சைத்தான் வைத்தார்கள். பாங்காக்கில் கட்டடம் கட்டியவர்களும் டாக்ஸி ஓட்டியவர்களும் அந்த ஊர்க்காரர்கள். முதலாளி வீட்டு விருந்தில் அந்தப் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரித்தவர்களின் தட்டில் இருந்தது பப்பாளிக்காயை இடித்துச் செய்த ஈஸான் பதார்த்தம். 'ஸேப்' என்று சொல்லித்தான் சாப்பிட்டார்கள். பாங்காக் 'அரோய்' அந்தக் காரத்துக்குப் போதவில்லை போலும். எனக்கு அந்த விருந்துகள் பிடிக்காது. பாக்கியை ஒழுங்காகக் கொடுத்த ஊர் எது என்று கணக்குப் புத்தகத்தில் எனக்குத் தெரியும்.

1997 ஜூலையில் 'பாட்' என்ற தாய்லாந்து நாணயத்தின் மதிப்பு சரிந்த பிறகு மட்டும் எல்லா ஊரிலும் ஒரே பதில். பாங்காக்கில் 'மை மீ', வடக்கிலும் வடகிழக்கிலும் 'போ மீ'. இல்லை என்று அர்த்தம். இரண்டு வட்டாரங்களுக்கு ஒரே சொல் போதுமாக இருந்தது அந்த வருடம்தான் எனக்கு உறுத்தியது.

கேள்வி: திரும்பி வந்த பிறகு பேச ஆள் இருக்கிறதா? மறந்துவிட்டதா?
(பழைய வாசகர்)

ஏப்ரல் 13 அன்று, ஸோங்க்ரான் என்ற அவர்கள் புத்தாண்டுக்கு, அந்த டிரைவர் குரல் செய்தி அனுப்புவார். தெற்குப் பேச்சில், மூச்சு விடாமல். மூன்று தரம் போட்டுக் கேட்பேன். நான் கோன்கென் பேச்சில் பதில் அனுப்புவேன், அவர் யாரிடமோ காட்டி அர்த்தம் கேட்பார். போன வருடம், வம்பு எதற்கு என்று, பாங்காக் மொழியில் திருத்தமாக ஒரு வரி சொல்லி அனுப்பினேன்: 'நான் இப்போது துணி விற்பதில்லை.'

எழுத்தில் பதில் வந்தது. 'பெரியம்மாக்கள் எல்லோரும் விற்றுத் தீர்ந்துவிட்டார்களா?' என்று கேட்டு, பக்கத்தில் 555 என்று போட்டிருந்தார். தாய் மொழியில் ஐந்துக்கு 'ஹா'.